ஆப்தர் யார்?

மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்து ஊசி போட்டு எடுத்த துணுக்கு ஆய்வுக்கூடம் போய் அறிக்கையாகத் திரும்பும்போது, அதில் சில சுருக்கெழுத்துகள் இருக்கும்: ஈஆர், பிஆர், ஹெர்2, கிரேடு. என்ன சிகிச்சை, எவ்வளவு காலம், எந்த மருந்து என்பதெல்லாம் அந்த எழுத்துகளைப் பொறுத்தே முடிவாகும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை. டாக்டரை அடுத்துப் பார்க்க நாலைந்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் மகளோ மருமகனோ கைபேசியைத் திறக்கிறார்கள். திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காமவர்தான் இன்று இரவு இரண்டு மணிக்கு யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறார். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 லட்சம் பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அந்தக் கணக்கு 1,92,000-ஐ ஒட்டியது. இத்தனை வீடுகளிலும் இந்தத் தேடல் ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்கும்.

இணையத்தில் கிடைப்பதை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டால், அதை ஒரு திறமையாகவே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா பார், தேதி பார், விளம்பரம் இருக்கிறதா பார். நீச்சல்போல, பழகினால் வந்துவிடும் என்கிற தொனி. எனக்கு இது திறமை பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை. இந்திய மெய்யியல் இரண்டாயிரம் ஆண்டுகளாக அலசிய ஒரு கேள்வியின் இன்றைய வடிவம் இது: தானே கண்டறிய வழியில்லாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புவது எப்போது அறிவாகும், எப்போது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடும்? காட்சி, கருதல், உரை (பிறர் சொல்) என, அறிவு பெறும் வழிகளான மூன்று அளவைகளைத் தமிழ்ச் சைவ நூல்கள் முதன்மையாகக் கொள்கின்றன. புற்றணுவில் ஈஆர், பிஆர், ஹெர்2 போன்ற எந்த ஏற்பி இருக்கிறது என்பதை நோயாளி தன் கண்ணால் காண முடியாது. கட்டியின் அளவைத் தடவிப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. சிறிய கட்டி வேகமாகப் பரவுவதும் பெரிய கட்டி மெதுவாக நகர்வதும் உண்டு. காட்சியும் கருதலும் கைவிட்ட இடத்தில் அவருக்கு மிஞ்சுவது உரை ஒன்றுதான்.

இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனம் இந்த உரையளவையை ஆப்தரின், அதாவது நம்பத்தக்கவரின், சொல் என்று வரையறுத்தது. இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்று நியாய சூத்திரம் விளக்க வரும்போது, தனக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது மருத்துவத்தை. ஆயுர்வேதம் சொன்னபடி செய்தால் பலிக்கிறது. ஆகவே அதைச் சொன்னவர்கள் நம்பத்தக்கவர்கள். அதுபோலவே வேதமும் என்கிறது அந்த வாதம். வேதத்தின் நம்பகத்தை மருத்துவத்தின் தோளில் ஏற்றி நிறுத்துகிறார்கள், எதிர்த்திசையில் அல்ல. அந்த இடத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு மூன்று இலக்கணம் சொல்கிறார்: சொல்லும் பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் இருக்க வேண்டும், உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். வேறோர் இடத்தில் அவர், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் அயலாரான மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் சேர்க்கிறார். பிறப்பும் பீடமும் ஒருவரை ஆப்தராக்குவதில்லை. நோயாளியின் கேள்விக்கு இதைவிடக் கூர்மையான தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் நம் காலம் வேறு வழியில் போனது.

1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இணையத்தின் மருத்துவத் தகவலுக்கு நான்கு அளவுகோல்களை முன்வைத்தது: எழுதியவர் யார், ஆதாரம் எது, பணம் யாருடையது, எப்போது புதுப்பித்தது. ஜெனீவாவில் இயங்கிய ஹெல்த் ஆன் த நெட் அறக்கட்டளை எட்டு நெறிகள் வகுத்து, அவற்றுக்கு உட்பட்ட தளங்களுக்கு முத்திரை வழங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான டிஸ்செர்ன் கருவி 16 கேள்விகளால் சிகிச்சைத் தகவலை எடைபோட்டது. மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. அவை உண்மையிலேயே பிழையைக் காட்டிக்கொடுக்கின்றனவா என்று 2008-இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். 343 பக்கங்களைப் படித்தார்கள். 18 பக்கங்களில் 41 தவறான கூற்றுகள் கிடைத்தன. பிறகு, வழக்கமாகச் சொல்லப்படும் தர அடையாளங்களில் எதுவாவது இந்த 18 பக்கங்களைப் பிரித்துக் காட்டுமா என்று பார்த்தார்கள். எதுவும் காட்டவில்லை; பலவற்றைச் சேர்த்துப் பார்த்தும் காட்டவில்லை. பிழையோடு கெட்டியாகத் தொடர்புகொண்டிருந்தது ஒன்றுதான்: மாற்று மருத்துவம் பேசிய பக்கங்களில் தவறோ காலாவதியான செய்தியோ இருக்கும் வாய்ப்பு 15 மடங்குக்கு மேல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 184 மார்பகப் புற்றுநோய்த் தளங்களைப் பார்த்து, மக்கள் அதிகம் நாடும் தளங்களும் நாடாத தளங்களும் இந்த அளவுகோல்களில் வேறுபடவில்லை என்று கண்டிருந்தது.

பழைய தர்க்கத்தின் மொழியில் சொன்னால், இது ஏதுப்போலி, காரணம்போல் தோன்றும் பொய்க்காரணம். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்று துணிவதற்குக் காரணம், நெருப்பில்லாத இடத்தில் புகை ஒருபோதும் இல்லை என்பது. எழுதியவர் பெயரும் தேதியும் மேற்கோள் பட்டியலும் பொய்ப் பக்கத்திலும் இருக்கலாம், மெய்ப் பக்கத்திலும் இருக்கலாம். இரு பக்கமும் போகும் ஏதுவை அநைகாந்திகம் என்று மணிமேகலையின் பௌத்த தர்க்கப் பகுதி வகைப்படுத்துகிறது. பௌத்தரான திக்நாகர் உரையைத் தனி அளவையாகவே ஏற்கவில்லை. ஒருவர் சொல்லை நம்புவது என்பது அவர் நம்பத்தக்கவர் என்று ஊகிப்பதுதான், ஆகவே அது கருதலுக்குள் அடங்கும் என்றார். அவர் சொல்வதை ஏற்றாலும் நோயாளியின் சங்கடம் தீரவில்லை. ஊகிக்க அடையாளம் வேண்டும், கொடுத்த அடையாளங்களோ வழுக்குகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே சொன்ன ஜெனீவா அறக்கட்டளை 2022 இறுதியில் மூடப்பட்டது. முத்திரை கொடுத்த கை போய்விட்டது.

டிஸ்செர்னுக்கு மட்டும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். அதன் கேள்விகளில் இரண்டு மற்றவற்றைப்போல் வெளித்தோற்றத்தோடு நிற்பவை அல்ல. ஒன்று, இன்னும் உறுதியாகாத விஷயங்களை இந்தப் பக்கம் ஒப்புக்கொள்கிறதா என்பது. மற்றது, சிகிச்சையே எடுக்காவிட்டால் என்னவாகும் என்று சொல்கிறதா என்பது. இந்த இரண்டும் பக்கத்தைத் தாண்டி, பேசுபவரின் உள்ளக்கிடக்கையைத் தொடுகின்றன. விற்கவந்தவர் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லமாட்டார். இவற்றைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அவற்றில் ஒன்று ஐதிகம். அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதைக் கொண்டு தெளிவது. நியாய நூலார் தரும் எடுத்துக்காட்டும் இதேதான், ஆலமரத்தில் யட்சன். சொன்னவர் யார் என்று தெரியாமல் வாய் வாயாக வந்த சொல். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறையை யாரும் எழுதிவிடவில்லை. சீனியை நிறுத்தினால் புற்றணு பட்டினியால் செத்துவிடும், பயாப்ஸி ஊசி பட்டால் நோய் பரவிவிடும், முள்சீத்தா கீமோவைவிடப் பல மடங்கு வலியது: இவற்றை முதலில் சொன்னவர் யார் என்று தேடிப் போனால் மரம்தான் இருக்கும், பேயைக் கண்டவர் இருக்கமாட்டார். இவை தனியே ஒதுங்கிக் கிடப்பவையும் அல்ல. மார்பகம் உட்பட நான்கு வகைப் புற்றுநோய்கள் பற்றிச் சமூக ஊடகங்களில் மிகுதியாகப் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை அமெரிக்கப் புற்றுநோய் நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன ஓர் ஆய்வில், 32.5 விழுக்காட்டில் தவறான தகவல் இருந்தது, 30.5 விழுக்காடு தீங்கு விளைவிக்கக்கூடியவை. தவறானவைக்கே மக்களின் ஈடுபாடும் கூடுதல்.

பெயர் தெரிந்தவர், நல்ல மனதோடு சொன்னால்? 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரரும் அரசியல்வாதியுமான நவ்ஜோத் சிங் சித்து, நான்காம் நிலை மார்பகப் புற்றுநோயிலிருந்து தம் மனைவி மீண்டதைச் சொல்லும்போது, எலுமிச்சை நீர், மஞ்சள், வேப்பிலை, நேரம் வகுத்த உணவு ஆகியவற்றை முன்னிறுத்தினார். காணொளி நாடெங்கும் பரவியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, நிரூபிக்கப்படாத வழிகளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள். அவர் மனைவிக்கு அறுவையும் கீமோவும் நடந்திருந்தன. அந்த உணவுமுறை மருத்துவர்களைக் கலந்து சிகிச்சையோடு சேர்ந்து கடைப்பிடித்ததே என்று சித்துவும் பின்னர் விளக்கினார். இங்கே பொய் சொன்னவர் யாருமில்லை. இரக்கம் இருந்தது, சொல்லும் விருப்பம் இருந்தது. இல்லாதது முதல் இலக்கணம்: எதனால் குணமானது என்ற நேரறிவு. மனைவி குணமானதை அவர் கண்டார். வேப்பிலை குணமாக்கியதைக் காணவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பழம் விழுந்ததும் உண்மை, காக்கை உட்கார்ந்ததும் உண்மை.

இதன் விலை என்னவென்று ஓரளவு தெரியும். புற்றுநோய் பரவாத நிலையில் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டுமே எடுத்துக்கொண்ட 281 அமெரிக்க நோயாளிகளை, சிகிச்சை பெற்றவர்களோடு யேல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, மார்பகப் புற்றுநோயில் மட்டும் இறப்பு அபாயம் ஐந்தரை மடங்குக்கு மேல். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அல்ல. அப்படிப்பட்ட சோதனையை அறம் அனுமதிக்காது. ஆனாலும் இந்த அளவு வேறுபாட்டை வேறு காரணங்களால் முழுக்க விளக்கிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

நேரறிவு வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. அப்படியானால் நோயைக் கடந்து வந்த பெண்களின் சொல்லுக்கு மதிப்பே இல்லையா? வெள்ளை அங்கி போட்டவர் பேசினால் அறிவு, சேலை கட்டியவர் பேசினால் கதையா? மிலேச்சரும் ஆப்தராகலாம் என்ற வாத்ஸ்யாயனரின் வாக்கியம் இங்கேதான் உதவுகிறது. ஆப்தத் தன்மை ஆளுக்கு உரியது அல்ல, பொருளுக்கு உரியது. கீமோ ஏறிய மூன்றாம் நாள் வாயில் எந்தச் சுவை இருக்கும், தலைமுடி கொட்டத் தொடங்கும் வாரத்தில் சீப்பை என்ன செய்வது, அக்குளில் நெறிக்கட்டு எடுத்தபின் கை வீங்காமல் குடம் தூக்குவது எப்படி, கணவரிடம் எந்தச் சொல்லால் சொல்வது: இவற்றில் நேரறிவு உடையவர் அந்தப் பெண்தான், அறுவை மருத்துவர் அங்கே ஐதிகம் பேசுபவர். இதைத் தாண்டியும் ஒரு சான்று உண்டு. 1974-இல் தம் மார்பில் கட்டியைக் கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், அன்றைய வழக்கத்தை ஏற்க மறுத்தார். அன்று நோயாளியை மயக்கி, துணுக்கு எடுத்து, புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை அகற்றிவிடுவார்கள்; விழிக்கும்போதுதான் தனக்கு என்ன நடந்தது என்று பெண் அறிவார். குஷ்னர் மருத்துவ நூலகங்களில் உட்கார்ந்து படித்தார், எழுதினார், மாநாடுகளில் எழுந்து நின்று கேட்டார். 1979-இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் அமர்ந்தார்; கண்டறிவதையும் அறுவையையும் இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கவனிக்க வேண்டியது, அவர் தம் அனுபவத்தை மட்டும் சான்றாக வைக்கவில்லை. மருத்துவர்களின் சொந்த ஏடுகளை எடுத்து, உங்கள் ஏடே உங்கள் வழக்கத்தை ஆதரிக்கவில்லையே என்று கேட்டார்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலியது. நிபுணர்களே தவறாகச் சொன்னார்களே! பால்டிமோரில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890-களில் பரப்பிய முறை மார்போடு நெஞ்சுத் தசைகளையும் நெறிக்கட்டுகளையும் சேர்த்து அகற்றியது. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காலம் அதுவே வேதவாக்கு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்பது, அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகள் 1985-இல் முடிவு சொன்னபோதுதான் நிலைபெற்றது. அதற்குள் லட்சக்கணக்கான பெண்கள் தேவைக்கு மேல் வெட்டப்பட்டிருந்தார்கள். 1990-களில் இன்னொன்று: மிக அதிக அளவு கீமோ கொடுத்து, நோயாளியின் சொந்த எலும்பு மச்சையையோ குருத்தணுக்களையோ திரும்ப ஏற்றும் முறை. பெரிய மருத்துவமனைகள் அதைச் செய்தன, செய்தித்தாள்கள் போற்றின. அதற்குப் பணம் கொடுக்க மறுத்த காப்பீட்டு நிறுவனம் 89 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று 1993-இல் கலிபோர்னியாவில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 1999-இல் ஐந்து சோதனைகளின் முடிவுகள் ஒரே மாநாட்டில் வந்தன. நான்கு, பலனில்லை என்றன. பலன் உண்டு என்ற ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவுடையது. மறு ஆண்டு தணிக்கைக் குழு நேரில் போய்ப் பார்த்தபோது அந்த ஆய்வு மோசடி என்று தெரிந்தது. 1995-இல் ஒரு நோயாளி மேற்சொன்ன எந்த அளவுகோலை வைத்துத் தேடியிருந்தாலும், மிக மதிப்புள்ள இடங்கள் அவரை இந்தச் சிகிச்சையை நோக்கியே தள்ளியிருக்கும்.

இந்த மறுப்பை மழுப்பக் கூடாது. ஆனால் அது எதை நிறுவுகிறது என்று பார்க்க வேண்டும். ஹால்ஸ்டெட் தவறு என்று நமக்கு எப்படித் தெரியும்? பெஸ்வோடா பொய் சொன்னார் என்று யார் கண்டுபிடித்தார்கள்? அதே துறையினர், அதே மாநாடுகளில், தங்கள் கைக்கணக்கைத் தாங்களே எடுத்து வைத்து. ஃபிஷரின் சோதனையிலேயே மான்ட்ரியலைச் சேர்ந்த ஓர் அறுவை மருத்துவர் சில நோயாளிகளின் விவரங்களைத் திருத்தி எழுதியது 1994-இல் வெளியே வந்தது. அவர் கொடுத்த எல்லாத் தரவையும் கழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டார்கள், முடிவு மாறவில்லை, அதையும் அச்சிட்டார்கள். முள்சீத்தா பற்றிய ஃபார்வர்டு எந்த ஆண்டில் திருத்தப்பட்டது? சீனிக் கதையைப் பரப்பியவர்களில் யார், நான் சொன்னது தவறு என்று எழுதினார்? தவறே செய்யாதவர்தான் ஆப்தர் என்றால் மனிதரில் ஆப்தர் இல்லை. தன் தவறு வெளிப்படக்கூடிய விதத்தில் பேசுபவர், வெளிப்பட்டால் பெயரோடு பொறுப்பேற்பவர் என்று அந்த முதல் இலக்கணத்தை நம் காலத்துக்கு விரிக்கலாம். நேரறிவு இன்று தனி மனிதரின் உள்ளொளியாக இருக்க முடியாது; பலர் சேர்ந்து வைத்திருக்கும், திருத்தம் எழுத இடம் விட்ட கணக்கு அது. டிஸ்செர்னின் அந்த இரண்டு கேள்விகள் பயன்படுவதும் இதனால்தான். எங்கே தனக்கு உறுதியில்லை என்று சொல்பவர், தன்னைப் பிடிக்க ஒரு கைப்பிடி கொடுக்கிறார். கேம்பிரிட்ஜில் உருவான பிரெடிக்ட் என்ற இணையக் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறுவைக்குப் பின் எந்தச் சிகிச்சை எவ்வளவு கூடுதல் வாய்ப்பைத் தரும் என்று அது கணக்கிடுகிறது. கிழக்கு இங்கிலாந்துப் பதிவேட்டுப் பெண்களின் தரவிலிருந்து கட்டப்பட்டது. பதிப்பு பதிப்பாகத் திருத்தப்பட்டு வருகிறது. எந்த ஊர்ப் பெண்கள் என்று தெரிவதால்தான், தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று கேட்கவாவது முடிகிறது.

பொருந்துதல் என்பதும் சிறிய விஷயமல்ல. டாமாக்சிஃபென் மாத்திரை நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்பது மெய். ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டி உள்ள பெண்ணுக்கு அதே வாக்கியம் பயனற்றது. பக்கம் முழுக்க மெய்யாக இருந்தும், படிப்பவருக்கு அது பொய்யான நம்பிக்கையாக முடியலாம். எனவே இந்தச் சிகிச்சை யாருக்கு உதவாது என்று சொல்லாத பக்கம், எவ்வளவு சரியான செய்தி சொன்னாலும், பாதிதான் சொல்கிறது.

மூன்றாம் மறுப்பு வள்ளுவரிடமிருந்தே வரும். அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளை அறியாத தமிழர் இல்லை: யார் சொன்னார் என்பதைப் பார்க்காதே, சொன்னதில் மெய் எது என்று பார். சொல்பவரைப் பார் என்று நான் இவ்வளவு நேரம் வாதாடுவது அதற்கு நேர் எதிராகத் தோன்றும். ஆனால் அந்தக் குறள் அறிவு என்றால் என்ன என்று வரையறுக்கிறது. மெய்யைக் காணும் ஆற்றல் உள்ளவரின் தன்மையைச் சொல்கிறது. ஹெர்2 ஏற்பியின் மெய்ப்பொருளை நாலு நாளில் காணும் ஆற்றல் யாருக்கும் வாய்ப்பதில்லை. புற்றுநோய் மருத்துவர்களுக்கே பத்தாண்டுப் படிப்பு தேவைப்படுகிறது. அந்தக் குறள் தடுப்பது, சொல்பவரின் குலம், செல்வாக்கு, புகழ் பார்த்து மயங்குவதை. பிரபலம் சொன்னதால் நம்புவது அந்தத் தடைக்குள் அடங்கும். சொல்பவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறாரா என்று பார்ப்பது, மெய்ப்பொருள் காண்பதில் எளியவருக்குக் கைவசமுள்ள ஒரே வழி.

இப்போது நிலைமை இன்னொரு திருப்பம் எடுத்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் அழகான தமிழில் பதில் வருகிறது. ஆனால் பேசுபவர் இல்லை. வேத விளக்க மரபினரான மீமாம்சகர் வேதத்துக்குச் சொன்னது இதுதான்: ஆக்கியவர் இல்லாததால் ஆக்கியவரின் ஆசையும் மறதியும் வஞ்சகமும் அதில் இல்லை, ஆகவே அது தானே பிரமாணம். நியாய நூலார் ஏற்கவில்லை; குற்றம் சொல்பவரிடமிருந்து வருவதுபோலவே குணமும் சொல்பவரிடமிருந்துதான் வருகிறது, ஆளில்லாத சொல்லுக்குக் குற்றமில்லை என்றால் குணமும் இல்லை என்றார்கள். இயந்திரத்துக்கு லாப ஆசை இல்லை, அதனால் நடுநிலையாகச் சொல்லும் என்று நம்புபவர் அறியாமலே மீமாம்சகராகிறார். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய்களுக்குச் சாட்ஜிபிடி சொன்ன சிகிச்சைகளை அமெரிக்காவின் வழிகாட்டு நெறிகளோடு ஒப்பிட்ட 2023-ஆம் ஆண்டு ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்களில் நெறிக்குப் பொருந்தாத ஏதாவது ஒன்று இருந்தது. அது பழைய பதிப்பு, இன்றைய பதிப்புகள் மேம்பட்டிருக்கலாம் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் அந்த ஆய்வில் என்னை உறுத்துவது விழுக்காடு அல்ல. சரியான பரிந்துரைகளுக்கு நடுவே, அதே நிதானமான குரலில், தவறானதும் உட்கார்ந்திருந்தது. சோதித்துப் பார்த்த பகுதி சரியாக இருந்தால் சோதிக்க முடியாததையும் நம்பலாம் என்ற நியாய நூலின் வாதம், சொல்பவர் ஒரே ஆள் என்பதை எடுத்துக்கொண்டே நிற்கிறது. ஆளில்லாத இடத்தில் ஒரு வாக்கியத்தின் மெய் அடுத்த வாக்கியத்துக்குப் பிணையாக முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், மதிப்பிடும் சுமை நோயாளியின் தலைமேல்தானே இருக்கிறது என்று கேட்கலாம். போதிய சான்றில்லாமல் நம்புவது யாருக்கும் எப்போதும் தவறு என்று 1877-இல் ஆங்கிலேய மெய்யியலாளர் கிளிஃபர்ட் எழுதினார். காத்திருக்க முடியாத, தள்ளிப்போட முடியாத, வாழ்வையே மாற்றும் முடிவுகளில் அந்தக் கண்டிப்பு பொருந்தாது என்று 1896-இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பதில் சொன்னார். நோயாளியின் முடிவு ஜேம்ஸ் சொன்ன வகை. ஆகவே தவறாக நம்பிய பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, காரணமும் இல்லை. கிளிஃபர்டின் கண்டிப்பு கேட்பவரைவிடச் சொல்பவருக்கே பொருந்தும். இந்தியச் சட்டம் இதை ஒரு பக்கம் ஒப்புக்கொள்கிறது: 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புற்றுநோயைச் சேர்த்திருக்கிறது. பொய்யாகச் சொல்பவரை அது குற்றவாளியாக்குகிறது.

அறிந்தும் சொல்லாதவரைப் பற்றி அந்தச் சட்டம் பேசாது. வாத்ஸ்யாயனரின் வரையறை பேசும். இரக்கமும் எடுத்துச் சொல்லும் விருப்பமும் இல்லாத அறிஞர், அவர் இலக்கணப்படி, அறிஞர்தான், ஆப்தர் அல்லர். தமிழில் தேடும் ஒருவருக்கு மூலிகைக்காரர் கனிந்த பேச்சுத் தமிழில் அரைமணி நேரம் பேசுகிறார். சான்றுள்ள செய்தியில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், அதுவும் ஆங்கிலம் படித்தவரே திணறும் நடையில் இருக்கிறது. நோயாளிக்கான எழுத்து ஆறாம் வகுப்பு மாணவர் படிக்கும் அளவில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் சொல்வதை, ஆங்கிலப் பக்கங்களே பெரும்பாலும் எட்டுவதில்லை. தமிழில் அப்படி எழுதுபவரையே தேட வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடப் புறநோயாளிச் சந்திப்பில் மருத்துவர் எல்லாவற்றையும் விளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எழுத்து வேண்டும்: பயாப்ஸி அறிக்கையோடு சேர்த்துக் கையில் கொடுக்கும் தமிழ்த் தாள், அந்தச் சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம், எழுதிய மருத்துவரின் பெயர், கடைசியாகத் திருத்திய தேதி, சென்ற பதிப்பில் எது தவறாக இருந்தது என்ற ஒரு வரி, எந்தச் சிகிச்சை யாருக்கு உதவாது என்ற ஒரு பத்தி, சந்தேகம் கேட்க ஓர் எண். இதற்குப் பெரிய தொழில்நுட்பமோ பெரும்பணமோ தேவையில்லை. அப்படி ஒரு தாளை வீட்டுக்கு அனுப்பாத மருத்துவமனை, இரவில் அந்தக் குடும்பம் யாருடைய சொல்லைக் கேட்டது என்று மறுநாள் கோபித்துக்கொள்ளும் உரிமையை எங்கிருந்து பெறுகிறது?